செட்டிநாட்டில் வேட்டைக்கு ஆசைப்பட்டால்: தூண்டிலும் அனுமதியும், முழு வழிகாட்டி

வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். "அண்ணே, வேட்டைக்குப் போய்ப் பழகணும். உங்களுக்குத்தான் நாலு தோட்டக்காரரைத் தெரியுமே, யாருகிட்டயாச்சும் சொல்லிவிடுங்களேன்." வெளிநாட்டுக்காரர் நிலச் சொந்தக்காரரிடம் கைகுலுக்கிவிட்டு மான் சுடும் காணொளியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பாதி. தாத்தா காலத்து முயல்கறிக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் மீதி. இரண்டு தரப்புக்கும் என் பதில் ஒன்றுதான்: துப்பாக்கியை மறந்துவிடுங்கள், தூண்டிலை எடுங்கள். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வேலைக்கு வருவோம்.

முதலில் சட்டம்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பட்டியலில் உள்ள விலங்கு, பறவைகளை வேட்டையாடக் கூடாது. வேட்டை என்றால் சுடுவது மட்டும் இல்லை. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, துரத்துவது, கூட்டைக் கலைப்பது, முட்டை எடுப்பது எல்லாமே அதில் அடக்கம். உண்டிவில்லால் அடித்தாலும் ஏர்கன்னால் சுட்டாலும் கணக்கு ஒன்றுதான். முயல், கௌதாரி, காடை என்று நம் ஊர்ப்பக்கம் சாதாரணமாகப் பேசுகிற எல்லாம் இதில் வரும். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

பலர் இடறுகிற இடம் ஒன்று உண்டு. "அவரோட பட்டா நிலம், அவரே வரச் சொல்லிட்டார், அப்புறம் என்ன?" என்பார்கள். நிலம் அவருடையது, அதில் மேயும் முயல் அவருடையது இல்லை. தன்னிடம் இல்லாததை அவர் எப்படிக் கொடுப்பார்? அவர் சம்மதித்தால் வழக்கு இரண்டு பேர் மேலும் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டைக்கு, அதாவது ஊராகச் சேர்ந்து வேட்டைக்கு, கிளம்புகிற பழக்கம் சிவகங்கைப் பக்கம் இன்னும் சில ஊர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாமி பரிவேட்டைக்குப் புறப்படுவது சடங்கு, நாமும் கூடவே முயலைத் துரத்தினால் அது குற்றம்.

காட்டுப்பன்றி விஷயமும் கேட்பார்கள். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது உண்மை. ஆனால் சுடுவது வனத்துறையின் வேலை. விவசாயி மனு கொடுக்கலாம், துப்பாக்கியோடு நாம் போய் நிற்க முடியாது.

சரி, மிச்சம் என்ன? மீன். கண்மாயில் கிடைக்கும் கெண்டை, கெளுத்தி, விரால் எதுவும் அந்த அட்டவணைகளில் இல்லை. காத்திருப்பது, தடம் பார்ப்பது, காற்றின் திசை அறிவது, கை நடுங்காமல் இழுப்பது என்று வேட்டையில் ருசி என்று சொல்கிற எல்லாமே தூண்டிலிலும் உண்டு. கேட்டு வாங்க வேண்டிய அனுமதியும் உண்டு. உண்மையில் அதுதான் பெரிய வேலை.

தண்ணீர் யாருடையது, மீன் யாருடையது

இந்த இரண்டும் ஒரே கேள்வி என்று நினைத்துத்தான் நான் முதல் தடவை மாட்டினேன். புதுவயல் பக்கம் ஒரு கண்மாய். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் "போடுங்க தம்பி, யாரு கேக்கப்போறா" என்றார். நானும் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. குத்தகைக்காரர். மீனுக்கான குத்தகைப் பணத்தைக் கட்டியவர் அவர், குஞ்சு விட்டவர் அவர். பெரியவர் அதற்குள் ஆட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். தூண்டில் போனது, அன்றைக்குப் பிடித்த மீன் போனது, கொஞ்சம் மானமும் போனது. அவர் செய்ததில் தப்பே இல்லை.

அதனால் எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். இடம் யார் பேரில்? மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, யார் பேரில்?

பெரிய கண்மாய்கள் அரசுடையவை. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் என்பது பொதுவான பிரிவு. இவற்றில் மீன் உரிமை ஏலத்தில் போகும். அதற்கு மீன்பாசி குத்தகை என்று பெயர். குத்தகையைப் பசலி ஆண்டுக் கணக்கில்தான் பேசுவார்கள். பசலி ஜூலை 1இல் தொடங்கி அடுத்த ஜூன் 30இல் முடியும். ஆகவே போன வருடம் உங்களுக்குச் சம்மதம் சொன்னவர் இந்த ஆடியில் யாரோ ஒருவர் ஆகியிருக்கலாம். ஒவ்வொரு பசலிக்கும் ஒரு தடவை விசாரியுங்கள். சில ஊர்களில் ஏலம் விடாமல் ஊர்ப்பொதுவாக வைத்திருந்து, தண்ணீர் வற்றியதும் அழிகண்மாயாக எல்லோரும் இறங்குவார்கள். அங்கே கேட்க வேண்டியது ஊர்ப் பெரியவரான அம்பலகாரரை. ஊராட்சித் தலைவரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போனால், "எங்களை யாரு கேட்டா?" என்று ஒரு கேள்வி நிச்சயம் வரும்.

ஊருணி என்றால் குடிதண்ணீர். இப்போது குழாய் வந்துவிட்டாலும் அந்த நினைப்பு மாறவில்லை. புழு, பிண்ணாக்கு என்று எதையும் கொண்டுபோய்க் கலக்காதீர்கள். அனுமதி கேட்கக்கூடப் போக வேண்டாம். கோயில் குளமும் அப்படித்தான். பிள்ளையார்பட்டித் தெப்பக்குளத்தில் பொரி போட்டு மீன் பார்க்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். திருப்பத்தூர்ப் பக்கத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தின் கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களும் விலக்கு. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடாத ஊர்க்காரர்கள் அவர்கள். அங்கே போய்த் தூண்டிலை நீட்டினால் வனத்துறை வருவதற்கு முன்னால் ஊரே வந்துவிடும்.

இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது தனியார் தண்ணீர். தென்னந்தோப்புக்குள் வெட்டிய பண்ணைக்குட்டை, பழைய பாசனக் கிணறு, செம்மண் எடுத்த பள்ளத்தில் தேங்கிய குட்டை. தொடங்குகிறவர்களுக்கு இதுதான் சரி. ஒருவரிடம் கேட்டால் போதும் என்பது மட்டும் காரணம் இல்லை. குட்டை சின்னது, கரை தெளிவு, மீன் எங்கே நிற்கும் என்று இரண்டே நாளில் பிடிபட்டுவிடும்.

நிலம் யாருடையது என்று சந்தேகம் இருந்தால் புல எண்ணை விசாரித்துக்கொண்டு, அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டாவைப் பாருங்கள். புறம்போக்கு என்று வந்தால் அது தனியார் நிலம் இல்லை, வேலி போட்டிருந்தாலும் சரி. குட்டையைச் சுற்றி வேலி கட்டியவரெல்லாம் சொந்தக்காரர் இல்லை என்பது இந்தப் பக்கம் நான் கற்ற பாடங்களில் ஒன்று.

ஆள் தேடுவது

செட்டிநாட்டில் ஒரு சிக்கல் உண்டு. நிலம் கோனாப்பட்டில் இருக்கும், நிலக்காரர் சென்னையில் இருப்பார். இல்லையென்றால் சிங்கப்பூரில் பேரப்பிள்ளை வீட்டில். ஒரே தோப்புக்கு ஏழு பங்காளிகள் கையெழுத்து வேண்டியிருக்கும். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை) என்றால்தான் எல்லோரும் ஊருக்கு வருவார்கள். அந்த நாளில் போய்த் தூண்டில் பேச்சை எடுக்காதீர்கள், யாருக்கும் காது இருக்காது.

ஆகவே தொடங்க வேண்டியது வீட்டையும் தோப்பையும் பார்த்துக்கொள்கிறவரிடம். அவர் "சரி" என்றால் அது அனுமதி ஆகாது. ஆனால் அவர் "வேணாம்" என்றால் சொந்தக்காரரே சொன்னாலும் நடக்காது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, என்றைக்கு மோட்டார் ஓடும், நாய் எங்கே கட்டியிருக்கும் என்று தெரிந்தவர் அவர்தான். டீக்கடையில் விசாரித்தால் ஆளைக் காட்டிவிடுவார்கள். அவர் மூலமாகவே சொந்தக்காரரின் போன் எண்ணைப் பெறுங்கள். அவருக்குத் தெரியாமல் வேறு யாரிடமோ எண் வாங்கிச் சென்னைக்குப் பேசினால், அவரைத் தாண்டிப் போனதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

முதல் தடவை போகும்போது தூண்டிலை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. கையில் கம்போடு வந்து கேட்கிறவன் கேட்க வரவில்லை, தகவல் சொல்ல வந்திருக்கிறான் என்றுதான் தோன்றும். காலை பத்து மணிக்கு மேல், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போங்கள். தனியாகவோ, உள்ளூரில் தெரிந்த ஒருவரோடோ போகலாம். நாலு பையன்களாகப் போகாதீர்கள். பாட்டில் பார்ட்டி என்று முடிவு கட்டிவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. குட்டைக்கரையில் உடைந்து கிடக்கும் கண்ணாடியைப் பொறுக்குவது அவர்கள்தானே.

என்ன பேசுவது

சுற்றி வளைக்காதீர்கள். நான் இப்படித்தான் கேட்பேன்:

"வணக்கம் ஐயா. நான் காரைக்குடிதான், செக்காலைல இருக்கேன். உங்க தோப்புக் குட்டைல தூண்டில் போட்டுக்கலாமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். வலை கிடையாது, ஒரே ஒரு கம்புதான். ஞாயித்துக்கிழமை விடிகாலைல வந்து ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிடுவேன்."

"மீனு வளக்குறோம்ல தம்பி."

"தெரியும் ஐயா. வளப்பு மீன் மாட்டுனா எடை போட்டுக் காசு குடுத்துடுறேன், இல்ல தண்ணிலயே விட்டுடுறேன். நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி."

பெரும்பாலும் இந்த இடத்தில் முகம் கொஞ்சம் இளகும். கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி விட்டிருப்பார்கள். விராலும் கெளுத்தியும் தானாக வந்தவை, அதிலும் விரால் குஞ்சுகளைத் தின்னும். "விரால் மட்டும் எடுத்துக்க" என்று அவர்களே சொல்வதும் உண்டு. நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஆச்சி தனியாக இருக்கிற வீடென்றால் உள்ளே முற்றம் இருக்கும் வளவுக்குள் போகாதீர்கள். முகப்பிலேயே நின்று கேளுங்கள். "எங்க ஐயா வரட்டும்", "பெரிய தம்பிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றால் அது மறுப்பு இல்லை. இரண்டு வாரம் விட்டு மறுபடி கேட்கலாம். "பாப்போம்" என்றால் மறுப்பு. கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அடுத்த வருடம் அவரே கூப்பிடக்கூடும்.

வாய்ச்சொல் போதாதா என்றால், உள்ளூரில் போதும். சொந்தக்காரர் வெளியூர் என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வாங்கி வையுங்கள். பங்காளி ஒருவர் வந்து கேட்டால் காட்டுவதற்கு ஆகும். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"ஐயா, வணக்கம். நேற்றுப் பேசியபடி, தங்கள் தோப்பில் உள்ள குட்டையில் தை, மாசி மாதங்களில் ஞாயிறு காலை 6 முதல் 9 வரை நான் ஒருவன் மட்டும் தூண்டில் போடுவேன். வலை, மருந்து, வெடி எதுவும் கிடையாது. வளர்ப்பு மீனைத் திருப்பி விட்டுவிடுவேன். எனக்கு அடிபட்டாலோ தவறி விழுந்தாலோ அது என் பொறுப்பு. சம்மதம் என்றால் ஒரு வரி பதில் போடவும்."

கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். கிணற்றில் யாராவது விழுந்து போலீஸ் வந்துவிடுமோ என்பதுதான் முக்கால்வாசிப் பேருக்கு உள்ளூர இருக்கும் பயம், மீன் போகிறதே என்பது இல்லை.

சாமான்கள்

முதல் வருடம் நாட்டு மூங்கில் கம்பே போதும். பத்தடிக் கம்பு, அதே நீளத்துக்குத் தங்கூசி (நைலான்) நரம்பு, ஒரு தக்கை, பட்டாணி அளவு ஈயக்குண்டு, தூண்டில் முள் ஒரு பாக்கெட். முள்ளில் எண் கூடக் கூட அளவு சிறிதாகும். ஜிலேபி மீனுக்கும் கெண்டைக்கும் 8 அல்லது 10 எடுங்கள். ரீல் வைத்த கம்பு விராலுக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். ஏழடிக் கம்பு, பின்னல் நரம்பு, ஒரு ரப்பர் தவளை. உயிருள்ள தவளையைக் கோர்ப்பது தேவையே இல்லாத கொடுமை. ரப்பரைத் தாமரை இலை ஓரம் தத்தவிட்டாலே விரால் பாய்ந்துவிடும்.

ஒரு ஈரச்சாக்கு, முள் கழற்ற மூக்குக் குறடு, பழைய துண்டு. இவ்வளவுதான்.

இரையும் மீனும்

கொல்லையில் தண்ணீர் ஓடும் இடத்தில், வாழைத்தூருக்குப் பக்கத்தில் தோண்டினால் மண்புழு. எல்லா மீனும் தொடும், கெளுத்திக்கு அதுதான் உயிர். கெண்டை வகைக்குக் கடலைப் பிண்ணாக்கை வறுத்துப் பொடித்துக் கோதுமை மாவோடு சேர்த்துச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். தளர்ந்தால் தண்ணீரில் விழுந்ததும் கரைந்து முள் வெறுமையாகிவிடும். கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிருகால் தரையைத் துழாவும். தக்கையை நரம்பில் ஏற்றி இறக்கினாலே எது மாட்டும் என்பது பாதி முடிவாகிவிடும்.

தக்கை பேசும் பாஷையைக் கற்றுக்கொள்ளத்தான் நாளாகும். ஜிலேபி என்றால் தக்கை சும்மா நடுங்கிக்கொண்டே இருக்கும், அவசரப்பட்டால் ஒன்றும் வராது. கெளுத்தி சாய்த்து இழுத்துக்கொண்டே போகும். ரோகு இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஒரே முழுக்காக முழுகும், இழுக்க வேண்டியது அப்போது. சொல்லிக் கொடுத்து வருவதில்லை, முதல் பத்து மீன் தப்பித்தான் ஆக வேண்டும்.

மாட்டியது பாலாமை என்றால் நரம்பை அறுத்தாவது விட்டுவிடுங்கள். அதுவும் முதல் அட்டவணை. கெளுத்திக்கு முதுகிலும் இரு பக்கத்திலும் முள் உண்டு. கெளுத்தி மாதிரியே இருக்கும் தேளி மீன் குத்தினால் கடுப்பு உச்சிக்கு ஏறும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து அரை மணி நேரம் முக்கி வைத்தால் தணியும். வீக்கம் ஏறினால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எப்போது

ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கி வரத்துக்கால் ஓடும்போது எல்லோருக்கும் கை அரிக்கும். பொறுங்கள். விரால் பொரித்துக் குஞ்சைக் காத்து நிற்கும் காலம் அது. தண்ணீர் மேல் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் தாய் அடியில் இருக்கிறது. அதைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. குத்தகைக் கண்மாய்களில் குஞ்சு விடுவதும் மழைத் தண்ணீர் வந்த பிறகுதான். அப்போது கேட்டால் எவரும் சம்மதிக்க மாட்டார்கள்.

தை பிறந்து மாசி முடிய நல்ல காலம். தண்ணீர் தெளியும், மீனும் தேறியிருக்கும். பங்குனிக்கு மேல் வற்றத் தொடங்கினால் வலைக்காரர்களின் காலம். அதன் பிறகு சிங்கம்புணரி, பொன்னமராவதிப் பக்கங்களில் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா என்று மீன்பிடி சாமான்களோடு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழா. அதற்குத் தூண்டிலோடு போகாதீர்கள், மிதித்துவிடுவார்கள். வெறுங்கையோடு போய்ப் பாருங்கள், குழம்பு வாசம் தெருத்தெருவாக வரும்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய ஊரில் மீன் பேச்சே கூடாது. காரைக்குடி முத்துமாரியம்மன் மாசி-பங்குனித் திருவிழா நடக்கும் நாட்களில் நான் கம்பைப் பரணில் போட்டுவிடுவேன்.

கரையில்

பெண்கள் குளிக்கும் படித்துறை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் உட்காராதீர்கள். கரையில் அய்யனார் இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டுங்கள். மடை, கலுங்கு இவற்றின் மேல் கம்பு ஊன்றாதீர்கள், பைப்பு லைனை மிதிக்காதீர்கள், திறந்திருந்த படலைத் திறந்தபடியே, மூடியிருந்ததை மூடியே விட்டுவிட்டு வாருங்கள். அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போடுங்கள். ஆட்டுக்குட்டி காலில் அது சுற்றிவிட்டால் உங்களுக்கு மட்டும் இல்லை, உங்களுக்குப் பின்னால் கேட்க வருகிற அத்தனை பேருக்கும் கதவு சாத்தப்படும்.

தண்ணீரில் இறங்கி முள்ளை எடுக்கப் போகாதீர்கள். மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. முழங்கால் தண்ணீர் அடுத்த எட்டில் ஆள் முழுகும் ஆழமாகிவிடும். பத்து ரூபாய் முள், போனால் போகட்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விடியாத நேரத்தில் போடவே வேண்டாம். சீமைக்கருவேலப் புதருக்குள் கை விடும் முன் கம்பால் தட்டுங்கள், விரியன் இருக்கும். கரண்ட் வைத்துப் பிடிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுங்கள். வெடியும் விஷமும் 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டவை.

பங்கு

கிளம்பும்போது சொல்லாமல் கிளம்பாதீர்கள். சாக்கைத் திறந்து என்ன மாட்டியது என்று காட்டுங்கள். ஒன்றும் மாட்டாவிட்டாலும் காட்டுங்கள், சிரித்துவிட்டு "மேக்கால மூலைல போட்ருக்கணும்" என்று ஒரு துப்பாவது கொடுப்பார். மீன் இருந்தால் பெரியது அவர்களுக்கு. நிலக்காரர் வீட்டில் சைவம் என்றால் பார்த்துக்கொள்கிறவர் வீட்டுக்கு. விராலை உயிரோடு ஈரச்சாக்கில் கொடுத்தால் சாயங்காலம் வரை தாங்கும்.

நான் முதலில் கேட்டுப் போட்ட தோப்புக் குட்டையில் மூன்று ஞாயிறு ஒன்றுமே மாட்டவில்லை. நாலாவது ஞாயிறு ஒரு முக்கால் கிலோ விரால். பார்த்துக்கொள்கிற அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டு வெறும் சாக்கோடு வந்தேன். வீட்டில் திட்டு. சித்திரையில் ஒரு ராத்திரி போன் வந்தது. "தம்பி, குட்டை வத்துது. நாளைக்கு ஐயா வலை போடச் சொல்லிருக்காக. அதுக்கு முன்னாடி விடிய வந்து ரெண்டு போடு போட்டுட்டுப் போ. மேக்கால மூலை."